பாஸ் என்பதும் ஒரு சொல்தான்

பிரிட்ஜ் போட்டிகளில் ஆட்டக்காரர் ஒவ்வொருவரின் கையருகிலும் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் ஏலத்துக்கான அட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். யாரும் வாய் திறந்து ஏலம் கேட்பதில்லை. அட்டையை எடுத்து மேசைமேல் வைப்பதுதான் பேச்சு. அந்தப் பெட்டியில் பச்சை நிற அட்டைகள் நிறைய உண்டு. அவற்றில் எழுதியிருப்பது 'பாஸ்'. கைக்கு வந்த 13 சீட்டும் மோசம் என்றால் பச்சை அட்டை, பிரமாதம் என்றால் வேறு அட்டை. இந்த இரண்டிலும் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு கை வரும்போதுதான் விரல் பெட்டிக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது.

அப்படி ஒரு கை இது. இஸ்பேட்டில் 7, 4. ஹார்ட்டில் ஏஸ், ராணி, 9, 6, 3. டைமண்டில் ராஜா, 8, 5. கிளாவரில் ராணி, 10, 6.

ஏலத்தைத் தொடங்குவதா, பாஸ் சொல்வதா? பார்வைக்கு இது சீட்டாட்டக் கேள்வி. ஆனால் இதற்குள் மனிதர் நெடுநாளாகக் கேட்டுவரும் வேறொரு கேள்வி இருக்கிறது. முழு விவரம் தெரியாத நிலையில் ஒருவர் துணிந்து இறங்குவது சரியா, ஒதுங்கியிருப்பது சரியா? ஒதுங்கியிருந்தால் விளைவுக்கான பொறுப்பும் அவரைவிட்டு ஒதுங்கிவிடுமா?

பிரிட்ஜ் நால்வர் ஆடும் ஆட்டம். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு ஜோடி. ஈழத்தில் முந்நூற்று நாலு ஆடியவர்களுக்கும், இருபத்தெட்டு ஆடியவர்களுக்கும் இதன் அடிப்படை புதிதல்ல. பார்ட்னர், ஏலம், துருப்பு என்று எல்லாம் உண்டு. நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்க, அதில் வெல்வது ஒரு பிடி. மொத்தம் 13 பிடி. எத்தனை பிடி எடுப்போம், எந்த இனம் துருப்பு என்று முதலில் ஏலத்தில் சொல்ல வேண்டும், பிறகு சொன்னபடி ஆடிக் காட்ட வேண்டும். இன்று உலகமெங்கும் ஆடப்படும் 'கான்ட்ராக்ட்' வடிவத்துக்கான மதிப்பெண் முறையை 1925-இல் அமெரிக்கரான ஹரோல்ட் வாண்டர்பில்ட், பனாமா கால்வாய் வழியாகச் சென்ற ஒரு கப்பல் பயணத்தின்போது நண்பர்களோடு ஆடிப்பார்த்து வகுத்தார்.

கையின் வலிமையை அளக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஏஸுக்கு 4 புள்ளி, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1. மில்டன் வொர்க் பெயரால் அறியப்படும் இந்தக் கணக்கைச் சார்ல்ஸ் கோரன் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வீடுவீடாகக் கொண்டு சேர்த்தார். கட்டு முழுவதிலும் 40 புள்ளி. ஆளுக்குச் சராசரி 10. பழைய பாடநூல்கள் 13 புள்ளி இருந்தால் ஏலத்தைத் தொடங்கலாம் என்றன. இன்று பலரும் 12 போதும் என்கிறார்கள். மேலே சொன்ன கையில் 11 இருக்கிறது.

இந்த எல்லைக் கை அபூர்வமாக வருவதல்ல. ஒருவருக்கு வரக்கூடிய 13 சீட்டுக் கைகள் 63,501 கோடிக்கும் மேல். அவற்றில் சரியாக 11 புள்ளி உள்ளவை நூற்றுக்கு ஏறக்குறைய 9, சரியாக 12 உள்ளவை நூற்றுக்கு 8. ஆக, ஆறு கைக்கு ஒன்று இந்த வேலிமேல் வந்து உட்காருகிறது. 24 ஆட்டம் கொண்ட ஒரு மாலையில் ஒவ்வொருவருக்கும் சுமார் நான்கு முறை இந்தத் தடுமாற்றம் வரும்.

12 என்று ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே பாஸ், மேலே ஏலம் என்று முடித்துவிடலாமே என்று தோன்றும். இரண்டு கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது ஏன் போதாது என்பது புரியும்.

முதல் கை: இஸ்பேட் ஏஸ், ராஜா, 10, 7, 5. ஹார்ட் ஏஸ், 9, 8, 4. டைமண்ட் 6, 3. கிளாவர் 8, 2. மொத்தம் 11 புள்ளி. இரண்டாம் கை: இஸ்பேட் ராணி, ஜாக்கி, 4. ஹார்ட் ராஜா, ஜாக்கி, 3. டைமண்ட் ராணி, ஜாக்கி, 5, 2. கிளாவர் ராணி, 7, 3. மொத்தம் 12 புள்ளி. கோட்டின்படி முதல் கை வெளியே, இரண்டாம் கை உள்ளே. ஆனால் முதல் கையில் இரண்டு ஏஸும் ஒரு ராஜாவும் உடனே பிடி எடுக்கத் தயாராக இருக்கின்றன. இஸ்பேட் ஐந்து, ஹார்ட் நான்கு என்று நீளமும் உண்டு. இரண்டாம் கையில் படம் போட்ட சீட்டுகள் ஏழு இருக்கின்றன, ஏஸ் ஒன்றுகூட இல்லை. நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும் அந்த ராணிகளும் ஜாக்கிகளும் எதிரியின் ஏஸுக்கும் ராஜாவுக்கும் இரையாகக் காத்திருக்கின்றன. அனுபவம் உள்ள எந்த ஆட்டக்காரரிடமும் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னால், யோசிக்காமல் 11-ஐ எடுப்பார்.

இதைச் சரிசெய்ய அமெரிக்க ஆட்டக்காரர் மார்ட்டி பெர்கன் ஒரு விதியைப் பிரபலமாக்கினார். புள்ளிகளோடு, கையில் மிக நீளமான இரண்டு இனங்களின் சீட்டு எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். 20 வந்தால் தொடங்கலாம். முதல் கைக்கு 11, 5, 4 சேர்ந்து 20. இரண்டாவதற்கு 12, 4, 3 சேர்ந்து 19. விதி சரியாகப் பிரித்துவிட்டது. நம் ஹார்ட் கைக்கு? 11, 5, 3 சேர்ந்து 19. இங்கும் ஒன்று குறைகிறது. வேலியைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டாலும் அதன்மேல் உட்கார ஒரு கை எப்போதும் இருக்கும்.

கிரேக்கச் சிந்தனையாளர் யூபுலிடீஸ் கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலேயே இந்த முடிச்சைப் போட்டுக் காட்டினார். ஒரு தானியக் குவியலிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டே போனால், எந்த மணியை எடுத்ததும் அது குவியல் இல்லை என்று ஆகிறது? எந்த ஒரு மணியும் அந்த மாற்றத்தைச் செய்வதாகத் தெரியவில்லை. ஆனாலும் கடைசியில் குவியல் இல்லை. உலகில் பெரும்பாலான வேறுபாடுகள் இப்படிப் படிப்படியாக வருபவை. கோடு கிழிப்பது நம் வசதிக்காக. அரிஸ்டாட்டில் இதற்கு ஒரு நல்ல உவமை வைத்திருக்கிறார். லெஸ்போஸ் தீவுக் கொத்தனார்கள் ஈயத்தால் செய்த அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தினார்களாம். கல்லின் வளைவுக்கேற்ப அது வளைந்துகொடுக்கும். பொதுவாக எழுதிய சட்டம் ஒரு தனி வழக்கில் பொருந்தாதபோது நீதிபதிக்கு அப்படிப்பட்ட கோல் வேண்டும் என்கிறார் அவர். நல்ல பிரிட்ஜ் ஆட்டக்காரரின் புள்ளிக் கணக்கும் ஈயக்கோல்தான்.

அந்தக் கோல் சீட்டுக்கு மட்டும் வளைவதில்லை, இடத்துக்கும் காலத்துக்கும் வளைகிறது. திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, 47 முதல் 50 வரை வருகின்றன. ஒரு காரியத்தில் இறங்குமுன் அது எவ்வளவு கடினம், தன்னிடம் என்ன இருக்கிறது, எதிரே நிற்பவரிடம் என்ன இருக்கிறது, தன்னோடு நிற்பவரிடம் என்ன இருக்கிறது என நான்கையும் எடைபோடச் சொல்கிறார் வள்ளுவர். பிரிட்ஜில் ஏலம் சொல்பவர் செய்ய வேண்டிய கணக்கு எழுத்துப் பிசகாமல் இதுதான். தன் கையில் 11 என்றால் மீதி 29 புள்ளி மற்ற மூவரிடம் இருக்கிறது. அதில் பார்ட்னரிடம் எவ்வளவு என்பதுதான் தெரியாத பகுதி.

இடம் என்றால் ஏலத்தில் எத்தனையாவதாகப் பேசுகிறார் என்பது. முதலில் பேசுபவருக்கு யாரைப் பற்றியும் எதுவும் தெரியாது. மூன்றாவதாகப் பேசுபவருக்குப் பார்ட்னரும் ஓர் எதிரியும் பாஸ் சொன்னது தெரியும். நான்காவதாகப் பேசுபவருக்கு மூவரும் பாஸ் சொன்னது தெரியும். அவரும் பாஸ் சொன்னால் ஆட்டமே நடக்காது, இருபுறமும் பூஜ்யம். காலம் என்பதற்கு 'வல்னரபிள்' என்ற நிலையை ஒப்பிடலாம். அந்த நிலையில் இல்லாதபோது ஒரு பிடி குறைந்தால் 50 அபராதம், அந்த நிலையில் 100. எதிரி இரட்டிப்பாக்கி, இரண்டு பிடி குறைந்தால் 300, 500 என்று ஏறும். ஆகவே அதே 13 சீட்டு ஓரிடத்தில் ஏலத்துக்குரிய கை, இன்னோரிடத்தில் பாஸுக்குரிய கை.

இவ்வளவு கணக்கும் போட்ட பிறகும் தராசு நடுவில் நின்றால்?

அப்போது பலரும் பச்சை அட்டையை எடுக்கிறார்கள். எதுவும் சொல்லாமல் இருந்தால் தவறு எதுவும் செய்யவில்லை என்று ஆகிவிடும் என்ற நினைப்பு அதற்குக் காரணம். இந்த நினைப்பு மேசைக்கு வெளியிலும் வலுவாக இருக்கிறது. 1990-இல் இலானா ரிதோவ், ஜோனதன் பேரன் என்ற உளவியலாளர்கள் தடுப்பூசி பற்றிய கற்பனைச் சூழல் ஒன்றை வைத்து ஆய்வு செய்தார்கள். ஊசியால் இறக்கும் வாய்ப்பு நோயால் இறக்கும் வாய்ப்பைவிடக் குறைவு என்று சொன்ன பிறகும், குழந்தைக்கு ஊசி போடப் பலர் தயங்கினார்கள். செய்து வரும் கேட்டைவிடச் செய்யாமல் வரும் கேடு மனத்தை உறுத்துவது குறைவு. கேடு அதேதான், கூடவும் செய்யலாம்.

பிரிட்ஜின் சட்டநூல் இந்த நினைப்புக்கு இடம் தரவில்லை. ஏலத்தில் ஒருவர் செய்யக்கூடிய எல்லாவற்றுக்கும் அதில் ஒரே பொதுப்பெயர்தான் உண்டு. எண் சொல்வது, இரட்டிப்பாக்குவது, மறு இரட்டிப்பு, பாஸ் எல்லாமே அந்தப் பெயருக்குள் அடங்கும். பாஸ் ஒரு கூற்று. அதற்குப் பொருள் உண்டு. "என்னிடம் தொடங்கும் அளவுக்கு இல்லை" என்று பார்ட்னரிடம் சொல்லும் வாக்கியம் அது. கையில் 12 நல்ல புள்ளியை வைத்துக்கொண்டு பாஸ் சொன்னவர் பொய்யான வாக்கியம் ஒன்றைப் பேசியிருக்கிறார். பார்ட்னரிடமும் 12 இருந்து, அவரும் தயங்கிப் பாஸ் சொன்னால், மொத்தப் புள்ளியில் 24-ஐ வைத்திருந்த ஜோடி வெறுங்கையோடு எழுந்திருக்கும். இருவரும் எதுவும் செய்யவில்லை. இழப்பு இருவருடையதும்தான்.

பாஸ் ஒரு சொல் என்பதற்கு இன்னும் அழுத்தமான சான்று போலந்தில் கிடைக்கிறது. 1970-களிலும் 80-களிலும் அந்நாட்டு ஆட்டக்காரர்கள் சிலர் பாஸின் பொருளையே திருப்பிப்போட்டார்கள். அவர்கள் முறையில் தொடக்கத்தில் பாஸ் சொன்னால் கை வலுவானது என்று பொருள். எதுவுமில்லாத கைக்குத்தான் ஏலம் கேட்க வேண்டும். எதிரிகளால் சமாளிக்க முடியாத அளவுக்கு இது புதிதாக இருந்ததால் உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு இப்படிப்பட்ட முறைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. பச்சை அட்டைக்கு இயற்கையான பொருள் எதுவும் கிடையாது. இருவர் சேர்ந்து என்ன பொருள் கொடுத்தார்களோ அதுதான்.

தமிழருக்கு இது விளங்காத செய்தி அல்ல. மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பேச்சிலேயே சொல்லிப் பழகியவர்கள் நாம். கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி சனகாதி முனிவர் நால்வருக்கும் மௌனத்தாலேயே உபதேசித்ததாகச் சைவ மரபு சொல்கிறது. தாயுமானவரின் குருவுக்குப் பெயரே மௌனகுரு. மௌனத்தைப் பேச்சின் ஒரு வகையாகவே இந்த மரபு பார்த்திருக்கிறது.

ஐரோப்பியச் சிந்தனையில் இந்த வழக்கை இருவர் எதிரெதிர்ப் பக்கம் நின்று வாதாடியிருக்கிறார்கள். ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்டு 1877-இல் எழுதிய கட்டுரையில், போதிய சான்று இல்லாமல் எதையும் நம்புவது எவருக்கும் எக்காலத்திலும் தகாது என்று வாதிட்டார். அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1896-இல் அதற்கு மறுப்புச் சொன்னார். உண்மையைப் பெறுவது ஒரு குறிக்கோள், தவறைத் தவிர்ப்பது வேறொரு குறிக்கோள், இரண்டும் ஒன்றல்ல என்றார். சில கேள்விகளில் முடிவைத் தள்ளிப்போடுவதே ஒரு முடிவாகிவிடுகிறது, அங்கே நடுநிலை என்று ஓர் இடம் கிடையாது என்றார். கிளிஃபோர்டின் அறிவுரைப்படி நடப்பவர் எல்லைக் கையில் பாஸ் சொல்வார். ஜேம்ஸின் பக்கம் நிற்பவர் ஏலத்தைத் தொடங்குவார்.

ஆனால் கிளிஃபோர்டின் கட்டுரையில் இன்னொரு பகுதி உண்டு. அது இரு தரப்புக்கும் பொதுவானது. பழைய கப்பல் ஒன்றின் உரிமையாளர் அதன் பழுதைப் பற்றிய சந்தேகத்தை மனத்துக்குள் அமுக்கிவிட்டு, பயணிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தால்? அப்போதும் அவர் குற்றம் இம்மியும் குறையாது என்கிறார் கிளிஃபோர்டு. முடிவு எடுத்த கணத்திலேயே அது சரியா தவறா என்பது தீர்ந்துவிட்டது. பின்னால் வரும் விளைவால் அதை மாற்ற முடியாது.

சீட்டு மேசையில் இந்த உண்மை எவ்வளவு எளிதாக மறந்துபோகிறது! இரு அறைகளில் அதே சீட்டுகளை வைத்து ஆடும் போட்டி ஒன்றை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். ஓர் அறையில் ஒருவர் 11 புள்ளியில் ஏலத்தைத் தொடங்குகிறார், அவர் ஜோடி இஸ்பேட்டில் 10 பிடி எடுப்பதாக ஏலம் ஏறுகிறது. மற்ற அறையில் அதே கைக்குப் பாஸ், நால்வரும் பாஸ், பூஜ்யம். முதல் அறையில் எல்லாம் ஒரு ராஜா எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் தொங்குகிறது. சரிபாதி வாய்ப்பு. ராஜா தோதான பக்கம் இருந்தால் 420 மதிப்பெண், சர்வதேசக் கணக்கில் 9 புள்ளி லாபம். எதிர்ப்பக்கம் இருந்தால் 50 அபராதம், 2 புள்ளி நஷ்டம். பாதிக்குப் பாதி வாய்ப்பில் 9 பெறவும் 2 இழக்கவும் துணிந்தவர் சரியாகத்தான் துணிந்தார். அன்று ராஜா எதிர்ப்பக்கம் இருந்தால், "11 வைத்துக்கொண்டு எதற்குத் தொடங்கினீர்கள்?" என்ற கேள்வி ஆட்டம் முடிந்ததும் பாயும். ராஜா இடம் மாறியிருந்தால் அதே வாய் அவர் துணிச்சலைப் புகழ்ந்திருக்கும். கேட்டவர் பார்ப்பது ராஜாவை. தொடங்கியவரின் யோசனையை அவர் பார்க்கவேயில்லை.

முன்பு கண்ட பேரனும், ஹெர்ஷி என்ற ஆய்வாளரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில் இதே கோணல் பதிவாகியிருக்கிறது. ஒரே அறுவைச் சிகிச்சை முடிவை, நோயாளி பிழைத்தார் என்று சொன்னபோது நல்ல முடிவென்றும், இறந்தார் என்று சொன்னபோது மோசமான முடிவென்றும் மக்கள் மதிப்பிட்டார்கள். மருத்துவருக்கு அந்த நேரத்தில் தெரிந்திருந்தவை இரண்டிலும் ஒன்றே. தத்துவத்தில் இதற்கு 'அறநெறி அதிர்ஷ்டம்' என்ற தலைப்பு உண்டு. பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976-இல் ஒரே கருத்தரங்கில் இதை விவாதித்தார்கள். கவனமில்லாமல் வண்டி ஓட்டிய இருவரில், ஒருவர் முன்னால் குழந்தை ஓடிவந்தது, மற்றவர் முன்னால் வரவில்லை. இருவரின் கவனக்குறைவும் ஒன்று, உலகம் இருவருக்கும் தரும் தீர்ப்பு வேறுவேறு.

சீட்டு என்றாலே அதிர்ஷ்டம்தானே, அதில் எங்கே நீதி என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்ஜ் உலகம் இந்தக் கேள்விக்கு வாதத்தால் பதில் சொல்லவில்லை, ஏற்பாட்டால் சொன்னது. 1857-இல், பிரிட்ஜின் மூதாதையான விஸ்ட் ஆட்டத்தில், 'கேவண்டிஷ்' என்ற பெயரில் எழுதிய ஹென்றி ஜோன்ஸ் லண்டனில் ஒரு சோதனை நடத்தினார். திறமையானவர்கள் ஒரு பக்கம், திறமை குறைந்தவர்கள் மறுபக்கம். இரண்டு அறைகளில் அதே சீட்டுகள், பக்கம் மாற்றி. சீட்டின் அதிர்ஷ்டம் இரு தரப்புக்கும் சமமாகிவிட்டது. திறமையானவர்கள் வென்றார்கள். இன்றைய போட்டி பிரிட்ஜ் முழுவதும் இந்த அடிப்படையில்தான் நடக்கிறது. இந்திய உச்ச நீதிமன்றமும், ரம்மி சூதாட்டமா என்ற ஆந்திர வழக்கில், 1968 சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பில், ரம்மியிலுள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது உள்ள அதிர்ஷ்டத்தைப் போன்றதே என்று ஒப்பிட்டு, ரம்மி முதன்மையாகத் திறமையின் ஆட்டம் என்றது.

கீதையின் இரண்டாம் அத்தியாயத்து 47-ஆம் சுலோகத்தைத் தெரியாத வீடு குறைவு. செயலில்தான் உரிமை, பலனில் இல்லை என்ற பகுதி எல்லார் நாவிலும் இருக்கிறது. அதே சுலோகத்தின் கடைசிப் பகுதி அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. செயலின்மையிலும் பற்று வைக்காதே என்கிறது அது. முன்பகுதி, ஏலத்தைத் தொடங்கித் தோற்றவருக்கான ஆறுதல். பின்பகுதி, பச்சை அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவருக்கான எச்சரிக்கை. நான்காம் அத்தியாயமோ, செயலின்மைக்குள்ளும் செயலைக் காண்பவனே அறிவுள்ளவன் என்று இன்னும் ஒருபடி போகிறது. பயத்தால் சொல்லும் பாஸும் கணக்குப் போட்டுச் சொல்லும் பாஸும் பார்வைக்கு ஒரே பச்சை அட்டை. உள்ளே இரண்டும் வேறு.

எல்லைக் கையில் சரியான முடிவை எங்கே தேடுவது? சீட்டிலேயே தேடினால் கிடைக்காது என்பதைப் பார்த்தாயிற்று. பார்ட்னருக்குக் கொடுத்த வாக்கில்தான் தேட வேண்டும்.

சீனாவில் பிறந்த சி. சி. வெய் வகுத்த 'பிரெசிஷன்' முறை இதற்கு நல்ல உதாரணம். அதில் வலுவான கைகளெல்லாம் '1 கிளாவர்' என்ற ஒரே தொடக்கத்துக்குள் போய்விடும். மற்ற பெரும்பாலான தொடக்கங்களுக்குக் கீழ் எல்லை 11, மேல் எல்லை 15. மேலே எவ்வளவு என்பது பார்ட்னருக்குத் தெரிந்திருப்பதால் கீழே 11-இல் தொடங்குவது அவரை ஏமாற்றாது. இந்த முறையில் ஆடிய தைவான் அணி 1969 உலகப் போட்டியில், யாரும் எதிர்பாராத வகையில், இத்தாலிக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பிடித்தது. மாறாக, தொடக்கத்துக்குக் கட்டுக்கோப்பான வலிமை வேண்டும் என்று ஒப்புக்கொண்ட ஜோடியில் ஒருவர் 11-இல் தொடங்கினால், பார்ட்னர் அதை நம்பி மேலே ஏறுவார், இருவரும் சேர்ந்து விழுவார்கள். 11 நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு வாக்கைப் பொறுத்துத்தான் பதில். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆடவர் இணைப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் வென்ற பிரணாப் பர்தனுக்கு வயது 60, ஷிப்நாத் சர்க்காருக்கு 56. நெடுங்காலம் ஜோடியாக ஆடியவர்கள் அவர்கள். ஒருவர் சொல்லுக்கு மற்றவர் வைத்திருக்கும் பொருள் அப்படிப் பல ஆண்டுகளில்தான் தெளிவாகும்.

அந்தப் பொருள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியமாக இருக்கக் கூடாது என்பதும் சட்டம். எதிரி கேட்டால் விளக்க வேண்டும். "நாங்கள் 11-இலும் தொடங்குவோம்" என்பதை எதிரிக்கும் தெரியும்படி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்.

இதைவிடக் கடினமான ஒரு கடமை எல்லைக் கையில்தான் பிறக்கிறது. ஒருவர் கையைப் பார்க்கிறார். விரல் பெட்டியின் பின்வரிசைக்குப் போகிறது, நிற்கிறது, திரும்புகிறது. பத்து விநாடி கழித்துப் பச்சை அட்டை மேசைக்கு வருகிறது. அட்டை சொல்வது பாஸ். அந்தப் பத்து விநாடி சொல்வதோ, "கிட்டத்தட்ட தொடங்கியிருப்பேன்". எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னருக்கு இப்போது அது தெரியும், தெரியாமல் இருக்க வழியில்லை. சட்டத்தின் 16-ஆம் விதி அவரிடம் என்ன கேட்கிறது? நியாயமாகச் செய்யக்கூடியவை இரண்டு மூன்று இருக்கும்போது, அந்தத் தயக்கம் காட்டிக்கொடுத்த பக்கமாகச் சாயும் ஒன்றை அவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. தன் காதில் விழுந்ததை விழாததுபோல் ஒதுக்கி, தன் லாபத்துக்கு எதிராகவேகூட முடிவெடுக்க வேண்டும். பெரிய போட்டிகளில் 1975 முதல் மேசைக்குக் குறுக்கே திரை கட்டினார்கள், பார்ட்னர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி. மனச்சாட்சியை மட்டும் நம்பி விட்டுவிட முடியாது என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் ஊரில் நடக்கும் நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்டங்களில் திரை கிடையாது. அங்கே காவலாக இருப்பது எதிரே உட்கார்ந்திருப்பவரின் நேர்மை மட்டும்தான். தயங்கியவர் தன் முடிவின் பாரத்தைத் தான் சுமக்காமல், பார்ட்னரின் நேர்மைமேல் இறக்கிவைத்துவிடுகிறார்.

தொடக்கத்தில் கண்ட கைக்குத் தீர்ப்புச் சொல்லலாம். ஹார்ட் ஏஸ், ராணி தலைமையில் ஐந்து, டைமண்ட் ராஜா, கிளாவர் ராணி, இஸ்பேட்டில் வெறும் இரண்டு. முதலில் பேசுபவர், 12-க்குக் கீழே தொடங்குவதில்லை என்று பார்ட்னரிடம் சொல்லியிருந்தால் பாஸ். 11 முதல் 15 என்று ஒப்பந்தம் இருந்தால் 1 ஹார்ட். மூன்றாம் இடத்தில், பார்ட்னர் பாஸ் சொன்ன பிறகு, 1 ஹார்ட் சொல்லலாம். எதிரிகளே ஆட நேர்ந்தால் எந்தச் சீட்டை இறக்கித் தொடங்குவது என்பதையாவது அது பார்ட்னருக்குச் சொல்லிவைக்கும். நான்காம் இடத்தில், புள்ளியோடு இஸ்பேட் எண்ணிக்கையைக் கூட்டி 15 வந்தால் தொடங்கு என்பது வழக்கம். இங்கே 11-உம் 2-உம் சேர்ந்து 13. பாஸ்.

பிரிட்ஜ் ஆடுபவர்கள் இன்று மாலை உட்காருமுன் பார்ட்னரிடம் ஐந்து நிமிடம் பேசி, தங்கள் கோடு எங்கே என்று முடிவு செய்துகொள்ளட்டும். அதன்பின் எல்லைக் கை வரும்போது, எந்த அட்டையானாலும், மற்ற கைகளுக்கு எடுக்கும் அதே வேகத்தில் எடுத்து வைக்கட்டும்.